மண்ணுல ரேஸ் ஓட்ட வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? தென்னேரியிலிருந்து ஒரு கணக்கு

இந்தக் கட்டுரையைப் படிக்க பைக் ஓட்டத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிஞ்சா போதும். மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும்னு நினைச்சு சிவில்காரங்க நகர்ந்து போயிடாதீங்க. பாதி விஷயம் உங்க சப்ஜெக்ட்தான்.

கேள்வி இதுதான். கம்பெனி டீம் இல்லாம, ஸ்பான்சர் இல்லாம, ஆசைக்காக மண்பாதையில ரேஸ் ஓட்டுற ஒரு சாதாரண ஆளுக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும்? அந்தச் செலவு வருங்காலத்துல குறையுமா, கூடுமா?

யாரைக் கேட்டாலும் முதல்ல பைக் விலையைத்தான் சொல்றாங்க. பைக் விலை பெரிய விஷயம்தான், ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா முதல் இடம் அதுக்கு இல்லை. முதல் இடம் எதுக்குன்னு நீங்களே கண்டுபிடிக்கிற மாதிரி, படிப்படியா போவோம்.

1. முதல்ல வகைகளைத் தெரிஞ்சுக்கோங்க

மண் ரேஸ்னு பொதுவா சொன்னாலும் உள்ளே பல வகை இருக்கு. மேடு பள்ளமா அமைச்ச ஒரு மூடிய மண் டிராக்கைத் திரும்பத் திரும்பச் சுத்துறது மோட்டோகிராஸ். அதையே ஸ்டேடியத்துக்குள்ள, செயற்கையா மண் கொட்டி, பெரிய பெரிய ஜம்ப் வெச்சு நடத்தினா சூப்பர்கிராஸ். காடு, பாறை, ஓடைன்னு இயற்கையான பாதையில நீண்ட நேரம் ஓட்டுறது எண்டியூரோ. ஓர் இடத்துல கிளம்பி இன்னோர் இடத்துல முடிக்கிற, நேரத்தை வெச்சுக் கணக்கிடுற பந்தயம் ராலி.

இந்தியாவுல இதையெல்லாம் நிர்வகிக்கிறது 1971ல தொடங்கின எஃப்எம்எஸ்சிஐ, அதாவது இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பு. போட்டி லைசென்ஸ் கொடுக்கிறதும், போட்டிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறதும் அவங்கதான்.

மேல்மட்டத்துல நம்ம ஆளுங்க நல்லாத்தான் போயிட்டிருக்காங்க. பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ்.சந்தோஷ் 2015ல டக்கார் ராலியை ஓட்டி முடிச்ச முதல் இந்தியர் ஆனார். கேரளாவின் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவை ஜெயிச்சார். அதே 2024 தொடக்கத்துல புனே, அகமதாபாத், பெங்களூருன்னு மூணு ஊர்ல இந்தியன் சூப்பர்கிராஸ் லீக் முதல் சீசன் நடந்தது.

ஆக, உச்சி இருக்கு. ஆனா அந்த உச்சிக்கு ஏறத் தொடங்குற முதல் படி எங்கே இருக்கு? நம்ம கணக்கு அந்த முதல் படியைப் பத்தினது.

2. வண்டி விலை இறங்கிட்டுதான் வருது

வெளிநாட்டுல முழுசா தயாராகி வர்ற 250 சிசி மோட்டோகிராஸ் வண்டியை எடுத்துக்கோங்க. கவாசாகி கேஎக்ஸ்250 மாதிரி வண்டிகள் இங்கே சுமார் 8 லட்சத்துக்கு வித்திருக்கு. காரணத்துல ஒரு பங்கு வரி.

100 ரூபாய் மதிப்புள்ள வண்டி துறைமுகத்துல இறங்குதுன்னு வெச்சுக்குவோம். சுங்கவரி 50 சதவீதம் இருந்தப்போ அது 150 ஆச்சு. அது மேல 28 சதவீத ஜிஎஸ்டி போட்டா 192. 2025 பட்ஜெட்டுல 1600 சிசி வரையான வண்டிகளுக்கு சுங்கவரி 40 சதவீதமாச்சு. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம். இப்போ கணக்கு: 140, அது மேல 18 சதவீதம், மொத்தம் 165 ரூபாய் சொச்சம். அதாவது 192லிருந்து 165க்கு இறங்கியிருக்கு.

உள்ளூர்லயே தயாரிக்க ஆரம்பிச்சா இன்னும் இறங்கும். கவாசாகி கேஎல்எக்ஸ்230, 2024 கடைசியில 3.30 லட்சத்துக்கு வந்தது. அடுத்த வருஷமே உள்ளூர் பாகங்களைச் சேர்த்து 2 லட்சத்துக்குக் கீழே கொண்டுவந்தாங்க. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வாங்கினவங்களுக்கு கம்பெனியே 2020ல ஒரு ராலி கிட் வித்தது, விலை ஏறத்தாழ 38,000. உயரமான சஸ்பென்ஷன், மண்ணுக்கான டயர் எல்லாம் அதுலயே வந்தது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிடறேன். சுத்தமான மோட்டோகிராஸ் வண்டியைக் கிலோமீட்டர்ல அளக்க மாட்டாங்க, மணி நேரத்துலதான் அளப்பாங்க. ஹோண்டா சிஆர்எஃப்250ஆர் கையேட்டுல பிஸ்டனை 6 ரேஸ் அல்லது 15 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்தச் சொல்லியிருக்கும். நம்ம வீட்டு பைக்ல பிஸ்டன் மாத்தினதா யாருக்காவது ஞாபகம் இருக்கா? அதனால தொடக்கக்காரருக்கு எக்ஸ்பல்ஸ், கேஎல்எக்ஸ் மாதிரி ரோட்டு வண்டி வம்சத்துல வந்ததுதான் கட்டுப்படியாகும்.

3. வருஷக் கணக்கு

கீழே இருக்கிற எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க. ஆள் ஒருத்தர், வருஷத்துக்கு 5 ரேஸ், 24 நாள் பிராக்டிஸ். அனுமதியோட ஓட்டக்கூடிய மைதானம் 200 கி.மீ. தள்ளி இருக்குன்னு வெச்சுக்குவோம்.

அ) வண்டித் தேய்மானம்: 1,50,000க்கு வாங்கி 2 வருஷம் கழிச்சு 90,000க்கு வித்தா, வருஷத்துக்கு 30,000.

ஆ) ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசம், மார்புக் கவசம்: 48,000. 4 வருஷம் தாங்கினா வருஷத்துக்கு 12,000.

இ) டயர், செயின், பிரேக், கிளட்ச், ஆயில்: 30,000.

ஈ) நுழைவுக் கட்டணமும் லைசென்ஸும்: 18,000.

உ) 5 ரேஸுக்குப் போய்வர: 25,000.

ஊ) 24 நாள் பிராக்டிஸ்: ஒரு நாளைக்கு 5,000 வீதம் 1,20,000.

மொத்தம் 2,35,000.

கடைசி வரி எப்படி வந்ததுன்னு கேட்பீங்க. குட்டியானையில வண்டியை ஏத்திட்டுப் போக, வர 400 கி.மீ. கிலோமீட்டருக்கு 18 ரூபாய்னா 7,200. ரெண்டு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 3,600. மைதானக் கட்டணம் 1,000, சாப்பாடு 400. மொத்தம் 5,000.

இப்போ பாருங்க. மொத்தச் செலவுல பாதிக்கு மேல பிராக்டிஸுக்குப் போய் வர்றதுலயே போகுது. வண்டித் தேய்மானம் அதுல கால் பங்கு.

இனி ஒரே ஒரு எண்ணை மாத்துவோம். மைதானம் 200 கி.மீ.க்குப் பதிலா 15 கி.மீ.ல இருக்கு. குட்டியானை பங்கு 300, கட்டணம் 500, சாப்பாடு வீட்டுல. நாளைக்கு 800. 24 நாளுக்கு 19,200. மொத்தச் செலவு 1,34,200 ஆயிடும். மிச்சம் 1,00,800, அதாவது 43 சதவீதம். வண்டியை யாராவது இனாமா கொடுத்தாக்கூட வருஷத்துக்கு 30,000தான் மிச்சம்!

ஆக, பட்டியல்ல முதல் இடம் தூரத்துக்கு. வரி குறையலாம், வண்டி மலிவாகலாம். மைதானம் கிட்ட வராத வரைக்கும் இந்த விளையாட்டு மலிவாகாது.

"ரோட்டுல ஓட்டிட்டே போயிடலாமே, குட்டியானை எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். நம்பர் பிளேட் இருக்கிற வண்டின்னா போகலாம். ஆனா மண்ணுக்கான கட்டி டயர் தார்ல சீக்கிரம் தேயும், பிடிப்பும் குறைவு. விழுந்து கிளட்ச் லீவரோ ஹேண்டிலோ உடைஞ்சா திரும்பி வர வழியில்லை. முக்கியமா, நாள் முழுக்க மண்ணுல ஓட்டி கை மரத்துப் போன பிறகு ஹைவேயில 200 கி.மீ. ஓட்டுறது ரேஸை விட ஆபத்து.

4. "ஏரியில ஓட்டினா என்ன?"

எங்க ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தோட பெரிய ஏரிகள்ல ஒண்ணு எங்களோடது. கோடையில தண்ணி உள்வாங்கினா எவ்வளவு பெரிய வெட்டவெளி தெரியும்னு ஏரியூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பசங்க வண்டியை இறக்கிடறாங்க. தூரம் பூஜ்யம், கட்டணம் பூஜ்யம். நம்ம கணக்குப்படி பார்த்தா இதுதானே சரி?

சரியில்லை. மூணு காரணம் சொல்றேன்.

முதலாவது கரை. ஏரிக்குள்ள இறங்க கரை மேல ஏறித்தான் ஆகணும், பசங்களுக்கு அந்த ஏத்தம்தான் கிக்கே. ஒரே தடத்துல வண்டி ஏறி இறங்கினா முதல்ல புல் போயிடும், அப்புறம் பள்ளமா ஒரு கோடு விழும். மழை பெய்யும்போது கரைச் சரிவு முழுக்கப் பரவி மெல்ல ஓடவேண்டிய தண்ணி அந்தக் கோட்டுல சேர்ந்து வேகமா ஓடும். வேகம் கூடக் கூட மண் அரிப்பும் கூடும். கரையோட உச்சி அந்த இடத்துல மட்டும் தாழும். முழு நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவுல விடுற இடைவெளியை ஃப்ரீபோர்டுன்னு படிச்சிருப்பீங்க. அது ஓர் அடி குறைஞ்சாலும், கலங்கல் வழியா போகவேண்டிய வெள்ளம் கரை மேல வழியப் பார்க்கும். மண் கரை மேல தண்ணி வழிஞ்சா, உடைப்புதான். கீழே நெல்லு வெச்சிருக்கிறது நம்ம சித்தப்பா, மாமாதானே!

பக்கத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க, குடவோலை முறைன்னு. முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுல ஏரியைப் பார்த்துக்க ஏரி வாரியம்னு தனியா ஒரு குழு வருது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஏரிக்கு ஆள் போட்டுப் பாதுகாத்த மண் இது.

ரெண்டாவது சட்டம். ஏரிப் புறம்போக்கு நம்ம இஷ்டத்துக்கு இல்லை. ஏரிகளைப் பாதுகாக்க 2007லயே தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டிருக்கு. அரசோட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம பொது இடத்துல ரேஸ் விட்டா, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189ன்படி 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். ரெண்டாவது முறை மாட்டினா ஒரு வருஷம் வரை போகும்.

மூணாவது இன்சூரன்ஸ். உங்க வண்டி பாலிசியை எடுத்துப் படிச்சுப் பாருங்க. ஒழுங்குபடுத்தப்பட்ட ரேஸ், வேகச் சோதனை இதுக்கெல்லாம் பாலிசி செல்லாதுன்னு எழுதியிருக்கும். அடிபட்டா முழுச் செலவும் வீட்டு மேலதான். எலும்பு முறிஞ்சு ஒரு ஆபரேஷன்னு ஆனா, மேலே போட்ட வருஷக் கணக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடும்.

அதனால இலவச மைதானம்னு ஒண்ணு கிடையாது. கட்டணத்தை நாம கட்டலேன்னா, ஊரோ அப்பா அம்மாவோ கட்டறாங்க.

5. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

2019 செப்டம்பர்ல ராஜஸ்தான் பார்மர் பக்கம் தேசிய ராலி நடந்தப்போ, மூடியிருந்த பாதைக்குள்ள ஒரு பைக் வந்துடுச்சு. போட்டிக் கார் மோதி பைக்ல வந்த மூணு பேர் இறந்தாங்க. ஒரே குடும்பம். தேசிய அளவுப் போட்டியிலேயே இப்படின்னா, கயிறு கட்டாம கிராமத்துல நடத்துற ரேஸ்ல என்ன ஆகும்னு யோசிங்க. வேடிக்கை பார்க்க சின்னப் பசங்க வருவாங்க, ஆடு மாடு குறுக்கே வரும்.

மார்ஷல், ஆம்புலன்ஸ், வேலி, இந்த மூணையும் கழிச்சுட்டு "மலிவா ரேஸ் நடத்தறோம்"னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

குறைக்க வேண்டியது வேற இடம். அமெரிக்க எல்லைக்குக் கீழே மெக்சிகோவின் பாஹா பாலைவனத்துல 1967லிருந்து நடக்கிற பாஹா 1000 ரேஸ்ல இன்னமும் கிளாஸ் 11னு ஒரு பிரிவு இருக்கு. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், பெரிசா மாத்தங்கள் செய்யக் கூடாது. காசு இருக்கிறவன் கூட அங்கே காசைக் கொட்ட முடியாது, விதி விடாது. நம்ம நாட்டு ராலியில ஜிப்சிக்குத் தனிப் பிரிவு வெச்சதும் இதே யோசனைதான். செலவைக் கட்டுப்படுத்த ரொம்ப மலிவான கருவி, விதிப் புத்தகத்துல ஒரு வரி.

6. இடத்தை மத்தவங்க எப்படிப் பிடிச்சாங்க?

1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல வருஷம் சோழவரத்துல ரேஸ் நடத்தினாங்க. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம், அவங்க சொந்த இடம் இல்லை. இரவல் இடத்துல எத்தனை நாள் ஓட்ட முடியும்? கடைசியில சொந்தமா நிலம் வாங்கி, 1990ல இருங்காட்டுக்கோட்டையில டிராக்கைத் திறந்தாங்க. நம்ம பக்கத்துலதான். ஆனா அது தார் டிராக். மண்ணுக்கு வழி?

கோவைப் பக்கம் ஒரு வழி கண்டாங்க. கேத்தனூர்ல காற்றாலைகளுக்கு நடுவுல பராமரிப்பு வண்டி போக மண்பாதை போட்டிருக்காங்க. கோவை ராலியை அங்கே நடத்தினாங்க. பாதை ஏற்கெனவே இருக்கு, குடியிருப்பு குறைவு, வாயிலை மூட முடியும். சி.எஸ்.சந்தோஷ் கோலார் பக்கம் பிக்ராக் டர்ட்பார்க்னு ஒரு பயிற்சி மைதானமே அமைச்சார். என் கணக்குல 200 கி.மீ.ன்னு போட்டது கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான்.

இப்போ நம்ம மாவட்டத்தைப் பாருங்க. ஒரகடத்துலயும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா. வாகனங்களைச் சோதிக்கிற மத்திய அரசு மையம் ஜிஏஆர்சி ஒரகடத்துல. பைக் செய்யுற மாவட்டத்துல, பைக் ஓட்டிப் பழக அனுமதியுள்ள ஒரு மண் மைதானம் தென்னேரிப் பையனுக்குச் சைக்கிள் தூரத்துல இல்லை.

7. நம்ம காலேஜ் பின்பக்க நிலம்

நம்ம ஊர் காலேஜ்கள்ல நிறைய இடத்துல பாஹா டீம் இருக்கும். 1976ல அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்துல தொடங்கின போட்டி, 2007லிருந்து பாஹா எஸ்ஏஇ இந்தியான்னு இங்கே நடக்குது. எல்லா டீமுக்கும் ஒரே 10 குதிரைத்திறன் எஞ்சின், கடைசியில 4 மணி நேர எண்டியூரன்ஸ். அதுல காஸ்ட் ரிப்போர்ட்டுக்கும் மார்க் உண்டு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் விலை எழுதுவோம். ஆனா ஓட்டிப் பழகுற மண்ணுக்கு அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கூட கிடையாது. போட்டி முடிஞ்சதும் வண்டி தார்ப்பாய்க்கு அடியில தூங்கும்.

என் யோசனை இதுதான். காலேஜ் பின்பக்கம் சும்மா கிடக்கிற 5 ஏக்கர்ல பாஹா டீமுக்கு ஒரு டெஸ்ட் டிராக் போடுங்க. எஃப்எம்எஸ்சிஐ அங்கீகாரம் உள்ள ஒரு கிளப்போட சேர்ந்து, வார இறுதியில ஊர்ப் பசங்களுக்கும் திறந்து விடுங்க. ஒரு நாள் செலவைப் பார்ப்போம்:

ஆம்புலன்ஸும் நர்ஸும் 5,000. பயிற்சி பெற்ற மார்ஷல் 2 பேர் 2,000. புழுதிக்குத் தண்ணி லாரி 1,500. மேடு பள்ளம் சரிபண்ண ஜேசிபி, மாதச் செலவைப் பங்கிட்டா நாளைக்கு 1,500. மொத்தம் 10,000.

ஆளுக்கு 500 வாங்கினா 20 பேர் வந்தா போதும், கையைக் கடிக்காது. 10 பேர்னா 1,000 வாங்கணும். அப்பவும் குட்டியானை 300 சேர்த்து 1,300தான், 200 கி.மீ. போறதுல கால் பங்கு. நிலத்துக்கு வாடகை 5,000 கொடுக்க வேண்டி வந்தா 30 பேர் வேணும். இந்தக் கணக்குல வண்டியோட சிசி எங்கேயாவது வந்ததா பாருங்க. எத்தனை பேர் பங்கு போடறாங்கங்கிறதுதான் எல்லாம்.

சத்தம் பத்தி நிர்வாகம் கேட்கும், நியாயமான கேள்வி. அங்கேதான் எலெக்ட்ரிக் வருது. பாஹா எஸ்ஏஇ இந்தியாவுல 2015லிருந்தே இ-பாஹா பிரிவு இருக்கு. பேட்டரி வண்டியில புகை இல்லை, சத்தம் ரொம்பக் குறைவு. வேகத்துக்காக எலெக்ட்ரிக்குன்னு பேசறாங்க. எனக்கு அதோட பெரிய லாபம், ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் பக்கத்துலயே டிராக் வைக்க முடியும்ங்கிறதுதான். திரும்பவும் தூரம் குறையுது.

8. செஞ்சு பாருங்க

பாடம்னா வீட்டுப் பாடம் இல்லாமலா?

ஒண்ணு: மூணாவது பகுதியில இருக்கிற ஆறு வரியையும் எக்செல்ல போட்டு, உங்க வீட்டிலிருந்து அனுமதியுள்ள மைதானத்துக்கு எத்தனை கி.மீ.னு மாத்திப் பாருங்க. எத்தனை கி.மீ.ல பிராக்டிஸ் செலவு வண்டித் தேய்மானத்தைத் தாண்டுதுன்னு கண்டுபிடிங்க.

ரெண்டு: சிவில்காரங்க, உங்க ஊர் ஏரிக் கரையில வண்டித் தடம் இருந்தா அகலம், ஆழம் அளந்து படம் எடுத்து நீர்வளத்துறை பொறியாளருக்கு ஒரு மனு எழுதுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே எழுதுங்க.

மூணு: காலேஜ் லே-அவுட் மேப்பை வாங்கி, கட்டடம் வராத நிலம் எங்கே இருக்குன்னு குறிங்க. டிராக் படம் வரைஞ்சு, ஏழாவது பகுதியோட கணக்கையும் இணைச்சு ஹெச்ஓடிகிட்ட கொடுங்க. நான் இந்த வருஷம் பாஸ் அவுட். அந்த டிராக்ல ஓட்டப் போறது செகண்ட் இயர், தேர்ட் இயர் படிக்கிற நீங்கதான், அதனால கையெழுத்து வாங்குற வேலையும் உங்களோடது.